கட்டுச்சோறும் பார்சலும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில் பேசுவதற்குப் 'பார்சல்' என்ற சொல் ஒரு பொருளா என்று அழைப்பிதழைக் கண்ட அன்பர்கள் சிலர் கேட்டனர். பொருள்தான் என்றே கருதுகிறேன். சென்ற கூட்டத்தில் நம் இளங்கவிஞர் ஒருவர் படித்த கவிதையில் ஒரு தறித்தொழிலாளி வருகிறார். இரவு வேலை முடிந்து திரும்புகையில் தம் பிள்ளைகளுக்காகப் புரோட்டா வாங்கிச் செல்கிறார். அதைக் கவிஞர் 'பொதி' என்று எழுதியிருந்தார். ஏன் பொதி என்று கேட்டதற்கு, கவிதையில் பார்சல் என்று எழுதலாகாதே என்றார். உடனே அவையில் ஒருவர் 'பொட்டலம்' என்றார். மற்றொருவர் 'சிப்பம்' என்றார். 'கட்டுச்சோறு இருக்கையில் வேறு எதற்கு?' என்றார் மூன்றாமவர். கூட்டம் கலைந்தது, வாதம் கலையவில்லை. அதன் தொடர்ச்சியாகவே இன்று பேச நிற்கிறேன்.

ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் எதுவென்று அகராதியில் தேடுவதற்கு முன், அந்தச் சொல் எந்த எந்த வாக்கியத்தில் குடியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. சேலம் பழைய பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஏதேனும் ஓர் உணவகத்தில் மாலை ஏழு மணிக்கு ஒரு கால்மணி நேரம் நின்றால் போதும். "அண்ணா, நாலு புரோட்டா கட்டுங்க, சால்னா தனியாக் கட்டிருங்க" என்பார் வாங்க வந்தவர். பரிமாறுபவர் உள்ளே திரும்பி, "நாலு புரோட்டா பார்சல்" என்று குரல் கொடுப்பார். கவனியுங்கள்: கேட்பவர் வாயில் வருவது தமிழ் வினை; கடைக்காரர் வாயில் வருவது ஆங்கிலப் பெயர். 'கட்டு' என்பதைக் கடைக்காரர் 'பார்சல்' என்று மொழிபெயர்த்து உள்ளே அனுப்புகிறார். நாள்தோறும் பல நூறு முறை நடக்கும் இந்த மொழிபெயர்ப்பை நம்மில் எவரும் மொழிபெயர்ப்பாக எண்ணுவதில்லை.

அந்தப் பெயரும் சும்மா இருக்கவில்லை. தமிழ் இலக்கணத்துக்குள் அது இடம் மாறி இடம் மாறி உட்காருகிறது. 'சாப்பாடு இரண்டு பார்சல்' என்பதும் 'பார்சல் சாப்பாடு இரண்டு' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் பார்சல் என்பது பயனிலை போல நின்று, அந்தச் சாப்பாட்டை என்ன செய்ய வேண்டும் என்று ஏவுகிறது. பின்னதில் அது அடைமொழி. சாப்பாட்டின் ஓர் இனத்தைக் குறிக்கிறது. விலைப்பலகையில் 'சாப்பாடு' ஒரு விலை, 'பார்சல் சாப்பாடு' ஒரு விலை என்று தனித்தனியே எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோறு ஒரு கட்டு, சாம்பார், ரசம், மோர் ஒவ்வொன்றும் ஒரு பை, மடித்த இலை ஒன்று. அது தனிப் பண்டம். அதனால்தான் விடுதி அறையில் தங்கும் இருவர் ஒரு 'பார்சல் சாப்பாடு' வாங்கி, கடை வாசல் திண்ணையிலேயே பிரித்து உண்டாலும் அது பார்சல் சாப்பாடாகவே இருக்கும். 'சாப்பாடு பார்சல்' என்று சொல்லிவிட்டு அங்கேயே உண்ண உட்கார்ந்தால் பரிமாறுபவர் முகம் மாறும். இந்த நுட்பத்தை எந்தத் தமிழாசிரியரும் வகுப்பில் சொல்லித் தந்ததில்லை. எவரும் பிழையாகச் சொல்வதும் இல்லை.

நம் சமவெளிக்கு இந்தச் சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டை சரக்கு ஏறி இறங்கும் ஊர். இங்கே பார்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சரக்குக் கட்டுதான். மாம்பழக் காலத்தில் 'பார்சல் போட்டாச்சா?' என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது கூடையைப் பற்றி. இரவு எட்டு மணிக்கு வீட்டில் 'பார்சல் வந்தாச்சா?' என்று கேட்டால் அது இட்லியைப் பற்றி. நேரமும் இடமும் பொருளைப் பிரித்துவிடுகின்றன. மேலும் ஒருவரை 'பார்சல் கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்' என்றால் சரக்கும் இல்லை, சோறும் இல்லை. அங்கே மானம் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் லத்தீனத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மூலப்பொருள் 'சிறு பங்கு' என்பது. பங்கு என்ற பொருளில் நிலத்துண்டையும் அவர்கள் அப்படியே சொல்வார்கள். கடையில் வாங்கிச் செல்லும் உணவுக்கு இங்கிலாந்தில் வேறு சொல் வழங்குகிறது. ஆகவே, சோற்றுக்குப் பார்சல் என்று பெயரிட்டது ஆங்கிலேயர் அல்லர், நாம்தாம். இலங்கைத் தமிழரும் 'சோற்றுப் பார்சல்' என்றே சொல்கின்றனர். மலேசியாவிலோ மலாய்ச் சொல்லான 'பூங்குஸ்' என்பதும் சீனர் வழி வந்த 'தாப்பாவ்' என்பதும் தமிழர் நாவிலும் புழங்குகின்றன. மலாய்ச் சொல்லுக்கும் பொதிதல் என்பதே பொருள். ஆக, ஒவ்வொரு நாட்டுத் தமிழரும் பக்கத்து வீட்டுச் சொல்லையே கடன் வாங்கியிருக்கின்றனர்.

அப்படியானால் தமிழில் சொல்லே இல்லையா? நிறைய இருக்கின்றன. பழமொழி நானூற்றில் 'ஆற்றுணா' வருகிறது. ஆறு என்பது வழி. வழியில் உண்ணும் உணவு ஆற்றுணா. நாலடியாரில் 'தோட்கோப்பு' வருகிறது. தோளில் தொங்கவிட்டுச் செல்லும் உணவு. இரண்டும் எத்தனை அழகான சொற்கள்! 'பொதிசோறு' பெரியபுராணத்தோடு சேர்ந்தது. திருக்குருகாவூர் செல்லும் வழியில் பசியால் வாடிய சுந்தரருக்கும், திருப்பைஞ்ஞீலி செல்லும் வழியில் களைத்த திருநாவுக்கரசருக்கும் சிவபெருமான் பொதிசோறு தந்தார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. 'கட்டமுது' என்பதும் அதுவே. மலையாளத்தார் பொதிச்சோறு என்ற சொல்லை இன்றும் அன்றாடப் பேச்சில் வைத்திருக்கின்றனர். வாழையிலையை அனலில் வாட்டிச் சோறும் கறியும் வைத்து மடித்துக் கட்டுவது அவர்களுக்கு இன்னும் வீட்டு வழக்கம்.

இந்தச் சொற்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவற்றில் எதிலும் காசு இல்லை. ஆற்றுணாவை மனைவி கட்டித் தந்திருப்பாள். தோட்கோப்பைத் தானே கட்டியிருப்பான். பொதிசோற்றை இறைவன் தந்தான். அப்பமும் பிட்டும் விற்போர் பண்டைய நகரங்களில் இருந்ததை இலக்கியம் காட்டுகிறது. ஆனால் வழிநடைக்குக் கட்டும் சோற்றுக்கான சொற்கள் எல்லாம் கொடுப்பதிலிருந்து பிறந்தவை, விற்பதிலிருந்து அல்ல. புரோட்டாவைக் கட்டுச்சோறு என்று சொல்ல நம் நாக்குக் கூசுவதற்குக் காரணம் அது மைதாவில் செய்யப்பட்டது என்பதன்று. அதற்கு விலைச்சீட்டு இருக்கிறது என்பதே.

கொங்கு நாட்டில் கட்டுச்சோறு இறந்த சொல்லும் அன்று. வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் பலவகைச் சோறு சமைத்துக்கொண்டு வந்து செய்யும் சிறப்புக்குப் பெயரே கட்டுச்சோறுதான். "அடுத்த வாரம் எங்க பாப்பாவுக்குக் கட்டுச்சோறுங்க, அவசியம் வந்துருங்க" என்று அழைப்பார்கள். ஆடிப் பதினெட்டன்று மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் காவிரிக் கரையில் அவிழ்வது கட்டுச்சோறு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் ஒரே மூட்டையில் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் அறியாத குடும்பத்துக்கும் ஒரு கை போகும். லாரி ஓட்டுநரின் வீட்டில் இந்தச் சொல்லின் எல்லை இன்னும் துல்லியமாகத் தெரியும். வண்டி கிளம்பும் நாளில் வீட்டில் கட்டித் தருவது கட்டுச்சோறு. அது தீர்ந்த பிறகு, ஆந்திராவிலோ மராட்டியத்திலோ வண்டியை நிறுத்தி வாங்குவது பார்சல். முதல் நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் சொல் மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை ஒரு கவிஞர் பயன்படுத்தாமல் விட்டால் இழப்பு அவருக்கே. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், வீட்டைவிட்டு எத்தனை தொலைவு வந்துவிட்டான் என்பதைச் சொல்லும் வாய்ப்பே போய்விடும்.

'கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?' என்பது நம் பழமொழி. சோற்றையும் சொல்லையும் ஒரே தராசில் வைத்தவர் யாரோ, அவர் நம் வட்டத்தில் இருந்திருக்க வேண்டியவர். பிறர் கற்றுக் கொடுத்த சொல் எடுத்த வேலைக்கு முழுதும் வராது என்பதற்கு நம் அவையில் வந்த மாற்றுச்சொற்களே சான்று.

'சிப்பம்' என்று சொன்ன அன்பரின் கருத்தை எடுத்துக்கொள்வோம். அஞ்சல் பார்சலுக்குச் சிப்பம் என்று எழுதும் வழக்கம் உண்டு. நல்ல சொல். ஆனால் அவர் பரமத்தி வேலூர் வட்டத்துக்குப் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையில் சிப்பம் என்றால் 30 கிலோ. உருண்டை வெல்லம் ஒரு சிப்பம் இன்ன விலை, அச்சு வெல்லம் ஒரு சிப்பம் இன்ன விலை என்று ஏல விவரம் செய்தித்தாளில் வருகிறது. அரிசி மண்டியிலும் சிப்பம் மூட்டைக் கணக்கு. அந்த ஊர் உணவகத்தில் 'தக்காளிச் சோறு இரண்டு சிப்பம்' என்று கேட்டால், கடைக்காரர் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிப்பார். 'பொதி' என்பதற்கும் இதே கதிதான். நம் பக்கத்துப் பேச்சில் பொதி கழுதை முதுகிலும் மாட்டின் முதுகிலும் ஏறியது. சோறு என்ற சொல்லோடு சேர்ந்து 'பொதிசோறு' என்றால் அதற்குப் பெரியபுராண மணம் வரும். தனித்து நின்றால் சுமை மட்டுமே வரும். கவிதையில் அந்தத் தறித்தொழிலாளி பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியோடு கொண்டு போகும் நான்கு புரோட்டா, சுமையாகிவிட்டது.

'பொட்டலம்' சற்று வேறு. அது உயிருள்ள சொல். கடலைப் பொட்டலம், சுண்டல் பொட்டலம், திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் இயல்பாக வருகின்றன. காகிதத்தைச் சுருட்டி மடித்தால் பொட்டலம். ஆனால் 'உணவுப் பொட்டலம்' என்று சேர்த்துச் சொன்னால் நம் காதில் என்ன விழுகிறது? 2004 ஆழிப்பேரலையும் 2015 சென்னை வெள்ளமும் விழுகின்றன. மேலிருந்து போடப்படுவது, வரிசையில் நின்று வாங்குவது, கை நீட்டுவது. நம் வட்டத்தின் ஆண்டுவிழா அழைப்பிதழ் ஒன்றில், வெளியூரிலிருந்து வந்து இரவு வண்டிக்குத் திரும்பும் கவிஞர்களுக்காக 'உணவுப் பொட்டலம் வழங்கப்படும்' என்று அச்சிட்டிருந்தார்கள். தமிழ்ப்பற்றோடு எழுதியதுதான். ஆனால் ஆத்தூரிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் அதை வாங்கிக்கொள்ளாமலே போனார். "விருந்துக்கு வந்தேன், நிவாரணத்துக்கு வரவில்லை" என்று பின்னர் ஒரு நண்பரிடம் சொன்னாராம். அன்று உள்ளே இருந்தது நல்ல நெய் மணக்கும் பொங்கல். சொல் தடுத்துவிட்டது.

இங்கேதான் எனக்கு இந்தப் பொருள் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்று படுகிறது. எடுத்துச் சென்று உண்பது எல்லாக் காலத்திலும் ஒருவருடைய விருப்பமாக இருக்கவில்லை. உணவுக்கடைக்குள் உட்கார்ந்து உண்ண முடியாதவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். பின்பக்கத்தில் நின்று, தம் பாத்திரத்தில் வாங்கி, மரத்தடிக்குக் கொண்டு போய் உண்டார்கள். உண்ணுமிடங்களில் எவரையும் விலக்கலாகாது என்று அரசியல் சட்டம் 1950இல் சொன்னது. அப்படி விலக்குவதைத் தண்டனைக்குரியதாக 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் ஆக்கியது. சட்டம் வந்த பிறகும் தனிக்குவளைகள் பல தேநீர்க்கடைகளில் நெடுங்காலம் தொங்கின என்பதை இந்த அவையில் பலர் தம் கண்ணால் கண்டிருப்பீர்கள். திருமண வீடுகளில் எச்சிலை எடுத்தவர்கள் விருந்து முடிந்தபின் கொல்லைப்புறத்தில் வாங்கிச் சென்ற சோற்றுக்கும் ஒரு சொல் இருந்தது. அதை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை. அந்தச் சோறும் கட்டிக் கொடுத்த சோறுதான்.

பார்சல் என்ற சொல்லில் இந்தக் கறை எதுவும் இல்லை. அது வெளியூர்ச் சொல். இங்கே யாருக்கும் உறவு இல்லை, யாருக்கும் அடிமை இல்லை. காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியை இறக்கிக் கேட்பவரும், கட்டட வேலையிலிருந்து சிமெண்டுக் கையோடு வந்து கேட்பவரும் ஒரே சொல்லைச் சொல்கின்றனர். ஒரே விலை கொடுக்கின்றனர். கொடுப்பவர் மேல், வாங்குபவர் கீழ் என்ற ஏற்பாடு அந்தச் சொல்லுக்குள் நுழையவில்லை. நம் மக்கள் இத்தனை தமிழ்ச்சொற்கள் இருந்தும் இந்த ஆங்கிலச் சொல்லை ஏன் இறுகப் பற்றினர் என்பதற்கு, சோம்பலைத் தவிர இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

சேலத்தில் நின்றுகொண்டு ஆங்கிலச் சொல்லுக்கு வக்காலத்து வாங்குவது எளிதன்று என்பதை அறிவேன். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஊர் இது. சேலம் மாவட்டத்துச் சமுத்திரத்தில் பிறந்த பெருஞ்சித்திரனார் அங்கே அவரிடம் பயின்றார். 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராக அமர்ந்து, 1981இல் மறையும் வரை சொல்லின் வேரையே தேடிக்கொண்டிருந்தவர் பாவாணர். தனித்தமிழ் முயற்சி நமக்குத் தந்தவற்றை மறந்துவிட்டுப் பேசுவது நன்றி கொன்ற செயல். 'உணவகம்' இன்று எந்தக் கூச்சமும் இல்லாமல் பலகையில் நிற்கிறது, 'அடுமனை' காலூன்றிவிட்டது. 'குளம்பி' மட்டும் இன்னும் புன்னகையோடுதான் சொல்லப்படுகிறது. உணவகமும் அடுமனையும் ஏன் நின்றன? அந்த இடங்களுக்கு முன்பு வேறு தமிழ்ச்சொல் சொந்தம் கொண்டாடவில்லை. பார்சலுக்கு நாம் முன்மொழியும் சொற்கள் எல்லாம் ஏற்கெனவே வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டவை. அவற்றை இழுத்து வந்தால், கட்டுச்சோற்றுக்குள் பெருச்சாளியை வைத்துக் கட்டிய கதையாகும்.

ஒரு சொல்லை மட்டும் நான் மறுக்க மாட்டேன்: 'எடுப்புச் சாப்பாடு'. பழைய மெஸ் பலகைகளில் எழுதியிருந்த சொல். அடுக்குப் பாத்திரத்தை அனுப்பி மாதக்கணக்கில் வாங்கும் சாப்பாட்டுக்கு அது பெயர். தனியாகத் தங்கிய எழுத்தர்களும் ஆசிரியர்களும் அதை உண்டே பணி ஓய்வு வரை வந்தனர். விற்பதற்கும் வாங்குவதற்கும் பிறந்த தமிழ்ச்சொல் அது. இழிவும் இல்லை, இரக்கமும் இல்லை. ஆனால் அது 'சாப்பாடு' என்பதோடு மட்டுமே ஒட்டும். 'எடுப்புத் தோசை' என்று எவரும் சொன்னதில்லை. மாதக் கணக்கு மெஸ்களோடு அந்தச் சொல்லும் மங்கிவருகிறது. அந்தக் காலத்தை எழுதும் கதையில் அதை வையுங்கள், சரியாகப் பொருந்தும்.

அந்த இளங்கவிஞருக்கு என் விடை இதுதான். பெயர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். வினைச்சொல் கையிலேயே இருக்கிறது. 'நான்கு புரோட்டா கட்டச் சொன்னான்' என்று எழுதினால் பார்சலும் வேண்டாம், பொதியும் வேண்டாம். மக்கள் நாவில் இருக்கும் தமிழ் அது. அதே 'கட்டு'தான் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதற்கும், வீடு கட்டுவதற்கும், தாலி கட்டுவதற்கும் வருகிறது. இத்தனை உறவோடு புரோட்டாவையும் அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பாத்திரம் பேசும் இடத்தில், கடைக்காரர் உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கும் இடத்தில், பார்சல் என்றே எழுதுங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஊரெங்கும் உணவகக் கதவுகளில் 'பார்சல் மட்டும்' என்று சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்களே, அந்த இரண்டு சொல்லை வேறு எப்படி எழுதினாலும் அந்த நாட்களின் அச்சம் வராது. உட்காரும் இடமெல்லாம் கவிழ்த்த நாற்காலிகளாக இருந்த காலம் அது. ஒரு காலத்தில் சிலருக்கு மட்டும் மறுக்கப்பட்ட இருக்கை, அந்தச் சில மாதங்கள் எல்லாருக்கும் மறுக்கப்பட்டது.

'கட்டு' என்ற வினைக்கும் இப்போது சோதனை வந்திருக்கிறது. முன்பு வாழையிலை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் நூல். சாக்குநூலை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் சுண்டி அறுக்கும் வித்தையை அடுப்படியில் நிற்கும் தம்பிகள் அத்தனை பேரும் கற்றிருந்தார்கள். செய்தித்தாளில் உணவு மடிக்க வேண்டாமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அறிவுறுத்தியது. 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை விதித்தது. இப்போது நூலுக்குப் பதில் மூடி. கட்டுவதற்குப் பதில் அடைப்பது. கைபேசியில் சொல்லி வீட்டு வாசலுக்கு வரவழைக்கும் இளைஞர்கள் பார்சல் என்றே சொல்வதில்லை. 'ஆர்டர் போட்டிருக்கிறேன்' என்கிறார்கள். நாம் இங்கே வாதாடிக்கொண்டிருக்கையில் பார்சலே முதியோர் சொல்லாகிவருகிறது.

தடை வந்த புதிதில் சேலத்தில் இன்னொன்றும் நடந்தது. சாம்பாருக்குப் பை தர முடியாது, பாத்திரம் கொண்டு வாருங்கள் என்றார்கள் கடைக்காரர்கள். பரண்மேல் கிடந்த தூக்குப்போசிகள் இறங்கின. ஈயம் பூசிய பித்தளைப் போசி, எவர்சில்வர் போசி, பேரன் பள்ளிக்குக் கொண்டு போன சின்னப் போசி. வரிசையில் நின்ற ஒருவரும் 'பார்சல்' என்று சொல்லவில்லை; 'கட்டுங்க' என்றும் சொல்லவில்லை. போசியின் மூடியைத் திறந்து நீட்டி, "இதுல ஊத்துங்க" என்றார்கள். வாழப்பாடி பக்கத்திலிருந்து வரும் பாக்குமட்டைத் தட்டில் வடையை வைத்துத் தந்தவர், "மேல வச்சுத் தர்றனுங்க" என்றார். கலத்துக்குத் தகுந்த வினையை யாரும் சொல்லித் தராமலே அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். தூக்குப்போசி என்ற சொல் நம் கவிதைகளில் இன்னும் ஒருமுறைகூட வந்ததாக நினைவில்லை. அடுத்த கூட்டத்துக்கு யாராவது கொண்டு வந்தால் கேட்க ஆவலாக இருக்கிறேன்.